மீன் வருமுன் ஆறு வாரம்

(குறுவள மையக் கூட்டமொன்றில் தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மீன்தொட்டி பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், எந்த மீன் வாங்கலாம், எத்தனை வாங்கலாம், என்ன தீனி போடலாம் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிற ஒன்றைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். தொட்டி வாங்கும் நாளுக்கும் மீன் வாங்கும் நாளுக்கும் நடுவே என்ன நடக்க வேண்டும்? நம் வீடுகளில் இந்த இரண்டும் பெரும்பாலும் ஒரே நாளாக இருக்கின்றன. காலையில் தொட்டி வரும், மாலையில் பாலித்தீன் பையில் மீன் வரும். பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்போம். உண்மையில் நமக்கும் இல்லை.

அதன் பிறகு நடப்பது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான். இரண்டு நாள் மீன் துள்ளி விளையாடும். மூன்றாம் நாள் தண்ணீர் அரிசி கழுவிய நீர் போலக் கலங்கும். வீட்டிலுள்ளவர்கள் பதறி முழுத் தண்ணீரையும் கொட்டி, கல்லைக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து ஊற்றுவார்கள். ஐந்தாறு நாளில் மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பத்து நாளுக்குள் ஒன்றோ இரண்டோ மல்லாந்து மிதக்கும். உடனே வீட்டுப் பெரியவர் ஒருவர், 'நமக்கு வர இருந்த திருஷ்டியை அது வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு' என்பார்.

இந்தப் பேச்சை நான் கேலி செய்ய மாட்டேன். அழுகிற குழந்தையைத் தேற்ற அந்த வீட்டில் அப்போது கையிலிருக்கும் ஒரே பதில் அதுதான். ஆனால் அந்தப் பதிலோடு கேள்வி முடிந்துவிடுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புது மீன் வரும், அதுவும் அதே போலப் போகும். ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

மீன் ஏன் செத்தது? மீன் தன் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாக, செவுள் வழியே தண்ணீரிலேயே விடுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். குளத்திலோ ஏரியிலோ இது ஒரு பொருட்டே அல்ல. அங்கே தண்ணீர் அதிகம். சேற்றிலும் கல்லிலும் செடித் தண்டிலும் வழுவழுவென்று படிந்திருக்கும் படலத்தில் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் காத்திருக்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும். செடிகளுக்கு அது உணவு. ஆனால் கடையிலிருந்து வந்த கண்ணாடித் தொட்டியில் இந்த இரண்டு வகையும் பெயரளவுக்குக்கூட இல்லை. அம்மோனியா போக வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகிறது. அது செவுளை அரிக்கிறது. பிறகு நைட்ரைட் சேருகிறது. அது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்கிறது. தண்ணீரில் காற்றுக் குமிழி பொங்கிக்கொண்டிருக்கும்போதே மீன் மூச்சுத் திணறுவது இதனால்தான்.

இந்த அம்மோனியாவுக்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஏதும் இல்லை. இது முக்கியம். என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே டீச்சர், அதப் போய் கெட்ட தண்ணிங்கிறீங்களே?" நல்ல கேள்வி. தெளிவாக இருந்தால் சுத்தம், கலங்கியிருந்தால் அசுத்தம் என்பது நாம் சின்ன வயதிலிருந்து கற்றுக் கொடுத்த பாடம். மூன்றாம் நாள் வெள்ளைக் கலங்கலுக்குக் காரணம், தீனியின் சத்தை உண்டு திடீரென்று பெருகும் வேறு வகை பாக்டீரியாக்கள். அவற்றால் பெரிய தீங்கு இல்லை, தானாகவே தெளிந்துவிடும். மீனைக் கொல்லும் தண்ணீரோ பளிங்கு மாதிரி இருக்கும்.

நம் ஊர்த் தண்ணீரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அம்மோனியம் அயனியாக இருக்கும்போது அவ்வளவு கேடில்லை. தனி அம்மோனியாவாக இருக்கும்போதுதான் நஞ்சு. தண்ணீரின் பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் அந்த நச்சுப் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. நம் மாவட்டங்களில் பல இடங்களில் போர் தண்ணீர் காரத்தன்மை உடையது. வெப்பமும் அதிகம், அதுவும் நச்சுப் பங்கைக் கூட்டும். மழைநீர்போல மென்மையான தண்ணீர் உள்ள ஊரில் தப்பிப் பிழைக்கும் மீன், அதே அளவு அம்மோனியாவில் நம் ஊரில் பிழைக்காது.

புது மண்சட்டி வாங்கினால் அன்றைக்கே குழம்பு வைக்கிறோமா? அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி, கஞ்சி காய்ச்சி, சில நாள் பழக்கிய பிறகுதான் அடுப்பில் ஏற்றுகிறோம். தோசைக்கல்லையும் அப்படித்தான் பழக்குகிறோம். பழக்காத கல்லில் தோசை வரவில்லையென்றால் மாவின் மீதோ திருஷ்டியின் மீதோ பழி போடுவதில்லை. மீன்தொட்டியையும் பழக்க வேண்டும். இதற்கு ஆங்கிலத்தில் வேறு பெயர் சொல்வார்கள். 'பழக்குதல்' என்ற நம் வீட்டுச் சொல்லே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. பிள்ளைகளுக்கும் சட்டென்று பிடிபடுகிறது.

எத்தனை நாள் பழக்க வேண்டும்? இதற்கான பதில் மீன் வளர்ப்போரிடமிருந்து முதலில் வரவில்லை. 1877-இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மணலும் சுண்ணாம்புக்கல் பொடியும் நிரப்பிய நீண்ட குழாய் வழியே கழிவுநீரை மிக மெதுவாக இறங்கவிட்டார்கள். முதல் இருபது நாள் எந்த மாற்றமும் இல்லை. மேலே ஊற்றிய அம்மோனியா அப்படியே கீழே வந்தது. அதன் பிறகு அம்மோனியா குறைந்து நைட்ரேட் வரத் தொடங்கியது. வெறும் வேதிவினை என்றால் முதல் நாளிலேயே நடந்திருக்க வேண்டுமே, எதற்கு இருபது நாள்? குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். மாற்றம் நின்றுவிட்டது. குளோரோஃபார்மை வெளியேற்றிய பிறகும் தொடங்கவில்லை. கொஞ்சம் மண்ணைக் கரைத்த தண்ணீரை ஊற்றியதும், சில நாள் கழித்து மறுபடி தொடங்கியது. குழாயில் இருந்தது உயிர் என்று தெரிந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லி, குளோரோஃபார்ம் வரும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அடுத்து என்ன செய்திருப்பார்கள் என்று அவர்களே சொல்லட்டும்.

இந்த வரலாற்றில் ஒரு அப்பாவும் மகனும் வருகிறார்கள். 1850 வாக்கில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், ஒரு கண்ணாடிக் கலத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா செடியையும் வைத்தார். அழுகும் இலைகளைத் தின்ன நத்தைகளையும் விட்டார். மீனும் செடியும் ஒன்றையொன்று தாங்கும் என்று காட்டியவர்களில் அவர் முன்னோடி. அவர் மகன் பெயரும் ராபர்ட் வாரிங்டன். வேளாண் வேதியியலாளரான அவர், அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது இரண்டு படிகளில், இரண்டு வேறு உயிர்களால் நடக்கிறது என்று காட்டினார். அப்பா வைத்த தொட்டியில் விடுபட்ட பக்கத்தை மகன் மண்ணில் கண்டுபிடித்தார் என்று சொல்லலாம். அந்த உயிர்களைப் பிரித்து வளர்க்க அவருக்கு இயலவில்லை. 1890-இல் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி அதைச் செய்தார். மற்றவர்கள் பாக்டீரியாவுக்கு வழக்கமான கரிம உணவைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் கரிம உணவே இல்லாத ஊடகத்தில் வளர்த்தார்.

பாடநூலில் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்று இரண்டு பெயர்கள் படித்திருப்போம். தேர்வுக்கு அதுவே சரி. ஆனால் 1998-இல் வெளியான ஆய்வொன்று, நன்னீர் மீன்தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா வகை பாக்டீரியாக்கள் என்று காட்டியது. 2015-இல் இரண்டு படிகளையும் ஒரே உயிரே செய்யும் நைட்ரோஸ்பைராவையும் கண்டுபிடித்தார்கள். அது கிடைத்த இடங்களில் ஒன்று மீன் வளர்ப்பு அமைப்பின் வடிகட்டி. ஆர்வமுள்ள மாணவரிடம் இதைச் சொல்லுங்கள். பாடநூல் வரி இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

இந்த பாக்டீரியாக்கள் மிக மெதுவாகப் பெருகுபவை. ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இவற்றுக்கு ஒரு நாள் அளவில் ஆகலாம். அதனால்தான் நாலு முதல் ஆறு வாரம் தேவைப்படுகிறது. சமவெளியில் நம் தண்ணீர் பெரும்பாலும் 25 டிகிரிக்கு மேலேயே இருப்பதால் ஹீட்டர் வேண்டியதில்லை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் அதிக நாள் ஆகும்.

இனிச் செய்முறைக்கு வருகிறேன்.

முதன்முறை வைப்பவர்கள் இரண்டடி நீளத் தொட்டியாகப் பாருங்கள். 60 × 30 × 30 செ.மீ. கணக்குப்படி 54 லிட்டர். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். உருண்டைக் கிண்ணம் வேண்டாம். சிறிய தண்ணீரில் எல்லாமே வேகமாகக் கெடும். தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 60 கிலோவை நெருங்கும். ஆடும் மேசையிலோ பீரோ மேலோ வைக்கக் கூடாது. அடியில் தெர்மோகோல் தாள் ஒன்று போடுங்கள். வெயில் நேராக விழும் ஜன்னல் ஓரமும் கூடாது, பாசி மூடிவிடும். ப்ளக் பாயிண்ட்டுக்குப் போகும் ஒயர் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறட்டும். ஒயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பள்ளியில் வைத்தால் இதை முதலில் பாருங்கள்.

தொட்டியை வெறும் தண்ணீரில் கழுவுங்கள். சோப்பு, பிளீச்சிங் பவுடர் எதுவும் படக் கூடாது. இரண்டு நாள் தண்ணீர் நிரப்பி வைத்துக் கசிகிறதா என்று பாருங்கள். கல்லைக் கலங்கல் போகும்வரை அலசுங்கள். கல் தேர்வில் ஒரு சின்னச் சோதனை உண்டு. ஆய்வகத்து நீர்த்த அமிலத்தை ஆசிரியர் ஒரு சொட்டு விட, நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல். சிப்பி, சங்கு, பவளத்துண்டும் அப்படியே. நம் தண்ணீர் ஏற்கெனவே கடினம், அதை மேலும் கூட்ட வேண்டாம். சோதித்த கல்லை நன்றாகக் கழுவிய பிறகே தொட்டியில் போட வேண்டும்.

வடிகட்டிக்கு விலை உயர்ந்தது எதுவும் தேவையில்லை. ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். பாக்டீரியா தண்ணீரில் மிதப்பது கொஞ்சம்தான். ஒட்டிக்கொள்ள அதற்கு இடம் வேண்டும், காற்றும் வேண்டும். ஸ்பாஞ்சின் துளைகளில் இரண்டும் கிடைக்கின்றன. அழுக்கைப் பிடிக்கத்தான் ஃபில்டர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது உண்மையில் பாக்டீரியா குடியிருக்கும் வீடு.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் மீனுக்கும் ஆகாது, பாக்டீரியாவுக்கும் ஆகாது. அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அவசரமென்றால் கடையில் ஆன்டி குளோரின் என்று விற்பார்கள். பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொன்ன சோடியம் தயோசல்ஃபேட்தான் அது. கேன் தண்ணீரை மட்டும் நிரப்புவோரும் உண்டு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு. அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உண்டாகிறது, அதைத் தாங்கிக்கொள்ளும் காரத்தன்மை அந்தத் தண்ணீரில் இல்லை. பி.எச். சரிந்து பழக்கும் வேலை பாதியில் நின்றுபோகும். இந்த ஒரு விஷயத்தில் நம் போர் தண்ணீரே மேல்.

அடுத்து, மீன் இல்லாத தொட்டியில் பாக்டீரியாவுக்கு எதைக் கொடுப்பது? எளிய வழி, மீன் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுவது. அது அழுகி அம்மோனியா தரும். அளவு நம் கையில் இருக்காது, வாடையும் வரும். இதைவிட நல்ல வழி நவச்சாரம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள் கையில் பார்த்திருப்பீர்கள். அம்மோனியம் குளோரைடு. ஈயம் பூச வைத்திருப்பதிலும் நாட்டு மருந்துக் கடையில் விற்பதிலும் கலப்பு இருக்கலாம் என்பதால் பள்ளி வேதியியல் ஆய்வகத்து உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 3 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரையுங்கள். ஊசி நீக்கிய 10 மி.லி. சிரிஞ்சால் ஒருமுறை எடுத்தால் அதில் 0.3 கிராம் உப்பு இருக்கும். நம் 45 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 2 மி.கி. அம்மோனியா கிடைத்துவிடும். மூலக்கூறு எடை 53.5, அம்மோனியாவுக்கு 17. மோல் கணக்கு எதற்கு டீச்சர் என்று கேட்கும் பத்தாம் வகுப்புப் பையனிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள்.

அளவு பார்க்க, மீன் கடைகளில் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் பரிசோதனைப் பெட்டி கிடைக்கும். உங்கள் ஊராட்சியில் குடிநீர் வடிகால் வாரியத்தின் களநீர்ப் பரிசோதனைப் பெட்டி இருந்தால் அதிலும் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றும் பார்க்கலாம். ஊராட்சித் தலைவரிடமோ செயலரிடமோ கேட்டுப் பாருங்கள். மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் நெஸ்லர் கரைசலைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அதில் பாதரசம் இருக்கிறது.

நவச்சாரம் ஊற்றிய பிறகு ஒரு வாரமோ பத்து நாளோ அம்மோனியா அசையாது. இந்த நாட்களில்தான் எல்லோருக்கும் நம்பிக்கை போகும். ஷ்லோசிங்கின் இருபது நாளை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு அம்மோனியா இறங்கத் தொடங்கும், நைட்ரைட் தலைகாட்டும். அம்மோனியா தீர்ந்தால் மறுபடி ஒரு சிரிஞ்சு ஊற்ற வேண்டும், இல்லையென்றால் வந்தவை பட்டினி கிடக்கும். மூன்று நாலு வாரத்தில் நைட்ரைட் உச்சத்துக்குப் போய், ஒரு நாள் சட்டென்று விழும். அதன் பிறகு ஒரு சிரிஞ்சு ஊற்றி 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். அம்மோனியாவும் இல்லை, நைட்ரைட்டும் இல்லை, நைட்ரேட் மட்டும் இருக்கிறது என்றால் தொட்டி பழகிவிட்டது. பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றி, குளோரின் போன புதுத் தண்ணீர் விட்டுவிட்டு மீன் வாங்கக் கிளம்பலாம்.

நாளைக் குறைக்க ஒரு நேர்மையான வழி இருக்கிறது. தயிருக்கு உறைமோர் விடுவது போல, பல மாதமாக ஓடுகிற ஆரோக்கியமான தொட்டியிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்சோ ஒரு பிடி கல்லோ கொண்டுவந்து போடுவது. பாதி நாளிலேயே பழகிவிடும். பழைய தொட்டித் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவருவதால் பெரிய பயனில்லை. பாக்டீரியா ஒட்டிக்கொண்டிருப்பது ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான். ஏரிச் சேற்றைக் கொண்டுவந்து போடலாமா என்று ஒரு மாணவன் கேட்டான். பாக்டீரியா வரும், கூடவே அட்டையும் தும்பியின் இளவுயிரியும் வரும். தும்பி இளவுயிரி மீன்குஞ்சைப் பிடித்துத் தின்னும் என்றேன். அவன் அதையே தனி டப்பாவில் வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டான். அது வேறு கதை.

இதை வகுப்பில் சொல்லத் தொடங்கினால் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். நைட்ரஜன் சுழற்சிப் படத்தை வரைந்து, அம்புக்குறிகளை மீன்தொட்டியோடு இணைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாடம் முடிந்ததும் ஒரு பையன் மேசையருகே வந்து நின்றான். பிறந்தநாளுக்கு அப்பா வாங்கிக் கொடுத்த மீன்கள் முந்தின மாதம் இறந்திருந்தன. பாட்டி திருஷ்டி என்று சொல்லியிருக்கிறார். "அப்ப நான்தான் கொன்னேனா டீச்சர்?" என்று கேட்டான்.

அறிவியல் விளக்கத்துக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு. பாட்டியின் பதில் யார் மீதும் பழி போடவில்லை. நம் பதில் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் பாரத்தை ஏற்றிவிடக்கூடும். நான் அவனிடம், "உனக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. வித்தவரும் சொல்லல. முன்னூறு வருஷம் முன்னாடி உலகத்துல யாருக்குமே தெரியாது. இப்ப நமக்குத் தெரியும்" என்றேன். பிறகு சிரிஞ்சையும் கரைசலையும் காட்டினேன். அந்தத் தொட்டி இன்னும் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். பரணில் இருக்கிறது என்றான். அவன் வீட்டுத் தொட்டி முப்பத்து நாலு நாளில் பழகியது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் எழுதி வைத்திருந்தான். பாட்டிதான் பாதி நாள் நேரம் பார்த்துச் சொன்னாராம். திருஷ்டி பற்றி அந்த வீட்டில் இப்போது என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

பள்ளியில் வைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மீன் இல்லாத தொட்டியை ஆறு வாரம் வகுப்பில் வைத்தால் பிள்ளைகள் சலித்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றுக்கும் வரைபடத்தாளில் மூன்று நிறக் கோடு போடட்டும். ஒரு கோடு ஏறி இறங்க, அடுத்தது ஏறி இறங்க, மூன்றாவது ஏறிக்கொண்டே போகும். நைட்ரேட்டாதல் என்ற சொல்லை அதற்குப் பிறகு மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டியிராது. வானவில் மன்றச் செயல்பாட்டுக்கும் இது பொருந்தும். தொடக்க வகுப்புகளில் தொட்டியின் வெளிப்பக்கம் ஒரு ஸ்கேலை ஒட்டி, தண்ணீர் தினமும் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் எங்கே போனது என்று ஒரு குழந்தையாவது கேட்கும். காலியாக இருக்கும் தொட்டியைத் தொட்டுத் தடவி வழுவழுப்பு வந்துவிட்டதா என்று பார்க்கவும் அவர்களுக்குப் பிடிக்கும். தொட்ட பிறகு கை கழுவச் சொல்லுங்கள்.

நம் பள்ளிகளில் பழகிய தொட்டிக்கு வரும் பெரிய ஆபத்து, நம்முடைய சுத்தம்தான். அதிகாரி வருகை என்றாலோ ஆண்டு விழா என்றாலோ முதல் நாள் மாலை எல்லாவற்றையும் கழுவுவோம். தொட்டியையும் இறக்கி, ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து, கல்லுக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்துவிடுவோம். ஆறு வார வேலை அரை மணி நேரத்தில் போய்விடும். மறுநாள் தொட்டி அழகாகவே இருக்கும், அடுத்த வாரம் மீன் மிதக்கும். துப்புரவுப் பணியாளரிடமும் பிள்ளைகளிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கண்ணாடியைத் துடைக்கலாம். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றலாம். ஸ்பாஞ்சு அடைத்துக்கொண்டால், வெளியே எடுத்த அதே தொட்டித் தண்ணீரில் இரண்டு பிழி பிழிந்தால் போதும். அது பழுப்பாகத்தான் இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும்.

நாட்காட்டியையும் பாருங்கள். பள்ளி திறந்த கையோடு ஜூனில் பழக்கத் தொடங்கினால் ஜூலைக் கடைசியில் மீன் வரும். காலாண்டு விடுமுறைக்குள் தொட்டி நிலைத்துவிடும். ஜனவரியில் தொடங்கினால் மீன் வந்த உடனே தேர்வு, அடுத்து கோடை விடுமுறை. அப்போது யார் பார்ப்பது? அதற்கு ஆள் இல்லையென்றால் தொடங்காமல் இருப்பதே மீனுக்கு நல்லது. மின்வெட்டு சில மணி நேரம் என்றால் தாங்கும். நெடுநேரம் ஆகுமென்றால் ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால் காற்று கலக்கும்.

மீனை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சென்னைப் பக்கம் உள்ளவர்களுக்குக் கொளத்தூர் இருக்கிறது. அங்கே போனால் கண் எல்லாவற்றையும் கேட்கும். 45 லிட்டருக்கு முதலில் மூன்று நாலு கப்பி போதும். நாலு வாரம் கழித்து இன்னும் சில. தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று சொல்லி ஒரு கறுப்பு மீனைக் கையில் திணிப்பார்கள். டேங்க் கிளீனர் என்றும் சக்கர் என்றும் பெயர். அது தொட்டியைச் சுத்தம் செய்யாது, தன் பங்குக்குக் கழிவைத்தான் சேர்க்கும். ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் யாரோ ஏரியில் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே அது பெருகி, உள்ளூர் மீனையும் வலையையும் ஒருசேரக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. எந்தத் தொட்டி மீனையும் ஏரி குளத்தில் விடக் கூடாது என்பதை மீன் வாங்கும் முன்பே பிள்ளைகளிடம் பேசிவிடுங்கள்.

மீன் வந்த அன்று பையைப் பிரிக்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு பையைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீர் ஒரு குவளை சேருங்கள். நாலைந்து முறை போதும். மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள். அன்று விளக்கு வேண்டாம், தீனியும் வேண்டாம். முதல் வாரம் மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் அம்மோனியா பார்த்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுத் தொட்டியில் இரண்டு உபரி ஸ்பாஞ்சுகள் ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. தொட்டி தயாராக வைத்திருப்பவர்களுக்கு உறைமோர் மாதிரி வெட்டித் தருகிறேன். மூடியுள்ள டப்பா ஒன்று கொண்டு வாருங்கள். ஈரம் காயாமல் அன்றைக்கே வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள்.